வான்வழி கண்ட வணிகர்

வெள்ளவத்தைக் கடற்கரையிலே மாலைப்பொழுதில் உலாவுவோர், தென்றிசையில் உள்ள இரத்மலானை விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் சிறு விமானங்களை இடையிடையே காண்பர். அண்மையில் ஒருநாள் என்னோடு நடந்து வந்த மாணவன் ஒருவன், கையிலிருந்த கூழாங்கல்லொன்றைக் கடலில் எறிந்துவிட்டு அண்ணாந்து நோக்கினான். கைக்குள் அடங்கும் இச்சிறு கல் எறிந்த சிறிது நேரத்தில் வீழ்ந்துவிடுகின்றது. ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்த அவ்வூர்தி வீழாதிருப்பது எங்ஙனம் என வினவினான். நன்னூலும் நளவெண்பாவும் கற்பிக்கும் ஒருவனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. எனினும், வினவிய மாணவனை விடையின்றி அனுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் சில நாள் நூல்களைப் புரட்டி அறிந்தவற்றைத் தொகுத்தேன். தொகுக்குங்கால் ஒருவருடைய வரலாறு மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. விமானத்தின் வகைகளையும் அவை பறக்கும் முறையையும் அறிய விரும்புவார்க்கு அவ்வரலாறே சிறந்த பாடநூல் என்று எனக்குத் தோன்றிற்று. அவர்தாம், ஜே. ஆர். டி. டாட்டா என உலகம் அறிந்த ஜகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா.

இரும்புத் தொழிலின் தலைவர் என்றே பலர் அவரை அறிவர். ஆயின் அவர் உள்ளம் முதன்முதற் பற்றியது வானத்தையே. இந்தியாவில் விமானி உரிமைப்பத்திரம் பெற்றவருள் முதல்வர் அவர். கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தபாலைத் தொடக்கியவர் அவர். பின்னர் நம் கொழும்பு மாநகருக்கு வான்வழியே கடிதங்களைக் கொணர்ந்ததும் அவர் நிறுவனமே.

கற்பனையும் கருவியும்

வானிற் செல்லும் ஊர்தியைக் கற்பனை செய்தல் நமக்குப் புதிதன்று. குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த புட்பக விமானம் இவ்விலங்கையிலேயே நின்றதென இராமகாதை கூறும். சச்சந்தன் தன் தேவி விசயையை ஏற்றி அனுப்பிய மயிற்பொறியைச் சீவக சிந்தாமணி கற்றார் அறிவர். ஓட்டுவார் ஒருவரும் இன்றியே விண்ணிற் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் நினைந்தார். இவையெல்லாம் பெருமைக்குரிய கற்பனைகளே. ஆயின் கற்பனை வேறு, கருவி வேறு. கற்பனையிற் பறப்பது பாரம் அறியாது. கருவியிற் பறப்பதோ ஒவ்வொரு இறாத்தலுக்கும் கணக்குக் காட்டியே எழல் வேண்டும்.

அக்கணக்கு யாது? பறக்கின்ற விமானத்தின்மேல் நான்கு விசைகள் தொழிற்படுகின்றன. புவி கீழ்நோக்கி இழுக்கும் பாரம் ஒன்று. அதனை எதிர்த்து இறக்கை மேல்நோக்கித் தரும் தூக்குவிசை ஒன்று. எந்திரம் முன்னோக்கித் தரும் உந்துவிசை ஒன்று. காற்று பின்னோக்கித் தடுக்கும் தடைவிசை ஒன்று. தூக்குவிசை பாரத்தோடும், உந்துவிசை தடைவிசையோடும் சமமாக நிற்பின், விமானம் ஒரே உயரத்தில் ஒரே வேகத்திற் செல்லும்.

இவற்றுள் விளங்குதற்கு அரியது தூக்குவிசையே. யாழ்ப்பாணத்தார்க்கு அதனைப் பட்டங்கொண்டு விளக்கலாம். தைப்பொங்கற் காலத்து வாடைக்காற்றிலே பட்டத்தைச் சாய்த்துப் பிடிக்கின்றோம். காற்று அதன்மேல் மோதிக் கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றது. காற்றைக் கீழே தள்ளும் பட்டத்தைக் காற்று மேலே தள்ளுகின்றது. நூல் அறுந்தாற் பட்டம் காற்றோடு ஓடிவிடும், பின் எழுவதில்லை. விமானத்துக்கு நூல் இல்லை. எந்திரமே நூலின் தொழிலைச் செய்து, அதனைக் காற்றுக்கு எதிரே இழுத்துச் செல்கின்றது. பட்டம் காற்று வரும்வரை காத்திருக்கும். விமானமோ ஓடித் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கோட்டையிலிருந்து கடலோரமாய் ஓடும் புகைவண்டியின் சாளரத்துக்கு வெளியே உள்ளங்கையைச் சற்றே சாய்த்து நீட்டுவார்க்கு இவ்வுண்மை உடனே புலனாகும். அங்ஙனம் நீட்டுதல் தகாது. எனினும் இளமையில் நீட்டாதார் மிகச் சிலரே.

விமானத்தின் இறக்கை முன்புறம் தடித்து, மேற்புறம் வளைந்து, பின்புறம் மெலிந்திருக்கும். இவ்வமைப்பினால் அதன்மேலே செல்லும் காற்று விரைந்து ஓடும். அங்கே அழுத்தம் குறையும். இறக்கையை விட்டு நீங்கும் காற்றுக் கீழ்நோக்கித் திரும்பும். வேகம் குன்றினால் தூக்குவிசை குன்றும். வேகம் குன்றியதென்று மூக்கை அளவின்மிக்கு உயர்த்தினாலோ, இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்றுச் சிதறிப்போகும். விமானமும் தாழ்ந்து வீழும். எனவே கல்லுக்கும் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு, விமானம் இடையறாது முன்செல்கின்றது என்பதும், செல்லுங்கால் காற்றை ஒழுங்காகக் கீழே தள்ளுகின்றது என்பதுமே.

பிறப்பும் இளமையும்

டாட்டா அவர்கள் 1904ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய், பார்சி வணிகர்; ஜம்செட்ஜி டாட்டாவின் உறவினர். தாயார் சுசான் பிரியேர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணியார். ஐந்து மக்களுள் இரண்டாமவர் இவர். வீட்டில் வழங்கியது பிரெஞ்சு மொழி.

அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1903இன் டிசெம்பரிலேயே அமெரிக்காவில் ரைட் சகோதரர் எந்திர விமானத்தில் முதன்முறை பறந்தனர். முதற் பறத்தல் பன்னிரண்டு விநாடியளவே நின்றது. 1909ஆம் ஆண்டு யூலையிலே பிரெஞ்சுக்காரராகிய லூயி பிளேரியோ, ஓரடுக்கு இறக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயை நாற்பது நிமிடத்துக்குட் கடந்தார். பிரான்சின் வடகரையில் ஆர்டெலோ என்னும் கடற்கரையூரில் டாட்டா குடும்பத்தார் கோடை விடுமுறையைக் கழிப்பது வழக்கம். பிளேரியோவின் இல்லமும் ஆங்கிருந்தது. அக்கடற்கரை மணலில் விமானங்கள் இறங்கியதையும் எழுந்ததையும் கண்டு அச்சிறுவர் வளர்ந்தார். பதினைந்தாம் வயதில் அதே ஊரில் ஒரு விமானத்தில் ஏறிச் சிறிது நேரம் வானில் உலாவினார். அன்றே தாமும் விமானியாதல் வேண்டும் என்னும் துணிவு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆயின் விழைந்தது உடனே கைகூடவில்லை. 1923இல் தாயார் இறந்தார். பிரெஞ்சுப் படையில் ஓராண்டு கட்டாயப் பணி செய்தார். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திற் பயில விரும்பினார். தந்தையார் அழைக்கவே, அவ்விருப்பத்தை விட்டு 1925ஆம் ஆண்டின் இறுதியிற் பம்பாய்க்கு வந்து தொழில் பழகினார். அடுத்த ஆண்டிலே தந்தையாரும் மறைந்தார். இருபத்திரண்டு வயதில் குடும்பச் சுமை அவர் தோளில் அமர்ந்தது. பல்கலைக்கழகத்துக்குச் செல்லாத குறையை அவர் வாழ்நாள் முழுதும் நூல்களைக் கற்றே நிரப்பிக்கொண்டார்.

பம்பாயிலே பறக்கும் கழகம் ஒன்று தோன்றியபோது, அவர் விரைந்து சென்று சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு வழங்கப்பட்ட உரிமைப்பத்திரத்தில் இலக்கம் 1 எனப் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் குடியுரிமையையும் துறந்தார்.

தோல்வியில் விளைந்த பெருமை

அக்காலத்தில் அவர் ஓட்டியது ஜிப்சி மொத் என்னும் விமானம். மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கை உடையது; மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது; விமானி அமரும் இடம் திறந்தது. முற்காலத்து விமானங்களுக்கு ஈரடுக்கு இறக்கை அமைத்தமைக்குக் காரணம் உண்டு. எந்திரத்தின் வலிமை குறைவு. ஆதலின் வேகம் குறைவு. குறைந்த வேகத்திற் போதிய தூக்குவிசை பெறுதற்குப் பரந்த இறக்கை வேண்டும். மெல்லிய மரத்தால் நீண்ட இறக்கை செய்யின் அது முறியும். எனவே இரண்டாகப் பகுத்து, இடையே கால்களும் கம்பிகளும் இட்டுப் பாலத்தைப்போற் பிணைத்தனர். அது வலியுடையதாயிற்று; ஆயினும் கம்பியும் காலும் காற்றிற் பட்டுத் தடைவிசையைப் பெருக்கின.

1930ஆம் ஆண்டிலே, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண் பரிசு தருவதாக ஆகாகான் அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்து நாட்டின் அபூகீர் விமானத்தளத்தில் டாட்டா இறங்கியபோது, அவ்விளைஞர் அங்கே தடைப்பட்டிருத்தலைக் கண்டார். எந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் பிளக்குகள் பழுதுற்றமையால் அவர் மேற்செல்ல இயலாதவராயினார்.

பெற்றோலும் காற்றும் கலந்த கலவை உருளையுள் நெருக்கப்பட்ட கணத்தில், இப்பிளக்குத் தரும் சிறு பொறியே அதனை எரிக்கின்றது. அது பழுதுபடின் எந்திரம் நின்றுவிடும். எந்திரம் நின்றால் உந்துவிசை இல்லை. விரலளவான பொருளே ஆயினும் பாலைவனத்தில் அது கிடையாது. டாட்டாவிடம் மேலதிகமாகப் பிளக்குகள் இருந்தன. தமக்குப் போட்டியாளர் என்று எண்ணாது அவற்றை ஈந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையிற் பறந்தனர். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி முந்திக்கொண்டார். பரிசு அவருக்கே சென்றது. அவ்விளைஞர் பிற்காலத்தில், 1960ஆம் ஆண்டு, இந்திய வான்படையின் தளபதியாக உயர்ந்தார். டாட்டா அத்தோல்வியை நினைந்து ஒருநாளும் வருந்தவில்லை. வென்றிருந்தால் பரிசுப் பணம் பெற்றிருப்பார். தோற்றமையால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் நம்மால் நினைக்கப்படுவார்.

கடிதம் சுமந்த சிறு பறவை

அந்நாளில் இலண்டனிலிருந்து வரும் வான்வழித் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் அது புகைவண்டியிலேயே செல்லும். கராச்சி முதற் சென்னை வரை விமானத்தில் தபால் கொண்டுசெல்லலாம் என்னும் திட்டத்தை, நெவில் வின்ற்செண்ட் என்னும் முன்னாள் ஆங்கில வான்படை வீரர் டாட்டாவிடம் கொணர்ந்தார். அரசாங்கம் பொருளுதவி மறுத்தது. மூன்று ஆண்டு முயன்றபின், உதவிப் பணம் யாதும் வேண்டாமற் சுமந்த கடிதத்துக்கு மட்டும் கூலி பெறுவதென 1932இல் உடன்படிக்கை ஆயிற்று.

1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் காலையிலே, டாட்டா கராச்சியிலிருந்து தபாற் பைகளுடன் தனியராய்ப் புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் வந்த தகரங்களிலிருந்து பெற்றோல் நிரப்பிக்கொண்டு, நண்பகல் கழிந்தபின் பம்பாயின் ஜுகு மணற்பரப்பில் இறங்கினார். அங்கிருந்து வின்ற்செண்ட் தபாலைப் பெற்றுக்கொண்டு, பெல்லாரி வழியாக மறுநாள் சென்னையை அடைந்தார். விமானத்தில் வானொலி இல்லை. வழிகாட்டும் கருவியும் திசைகாட்டியைத் தவிரச் சிறப்பாக இல்லை. ஆறுகளையும் இருப்புப்பாதையையும் கடற்கரையையும் நோக்கியே வழி அறிந்தனர். மாரிக்காலத்தில் ஜுகு நிலம் நீருள் ஆழ்ந்துவிடும். அக்காலத்தில் பூனாவிலிருந்து விமானம் ஓட்டினர்.

அவ்விமானத்தின் பெயர் பஸ் மொத். முன்னையதுபோல் ஈரடுக்கு இறக்கை உடையதன்று. ஒரே இறக்கை, விமானியின் தலைக்கு மேலாக அமைந்தது. ஆகவே கீழே உள்ள நிலத்தை விமானி தடையின்றி நோக்கலாம். நிலத்தைக் கண்டே வழியறிந்த நாளில் இது பெரும் உதவியாயிற்று. அறையும் மூடியது. ஏறத்தாழ 120 குதிரைவலுவுடைய ஒற்றை எந்திரம் முன்னே ஒரு சுழல்விசிறியைச் சுழற்றும். அவ்விசிறியின் ஒவ்வோர் அலகும் உண்மையில் ஒரு சிறிய இறக்கையே. விமானத்தின் இறக்கை காற்றைக் கீழே தள்ளி மேலெழுவதுபோல, விசிறியின் அலகு காற்றைப் பின்னே தள்ளி விமானத்தை முன்னே செலுத்துகின்றது.

திருப்புதற்கும் உயர்த்துதற்கும் மூவகைப் பலகைகள் உள. வாலிற் கிடையாக உள்ள பலகை மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகை, ஓடத்தின் சுக்கானைப்போல் மூக்கை இடம் வலமாகத் திருப்பும். இறக்கைகளின் நுனியிலுள்ள பலகைகள் ஒன்று எழ ஒன்று தாழ்ந்து, விமானத்தை ஒருபுறம் சாய்க்கும். சைக்கிளில் வளைவு திரும்புவோன் உடலைச் சாய்ப்பதுபோல விமானமும் சாய்ந்தே திரும்பல் வேண்டும். பஸ் மொத் முதலாகப் பெரிய விமானங்கள் ஈறாக இம்மூன்று தொழிலும் மாறவில்லை.

விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியரோடு தொடங்கிய அச்சேவை, காலந்தவறாமையாற் புகழ்பெற்றது. முதல் ஓராண்டில் 155 பயணிகளும் ஏறத்தாழ 10 தொன் தபாலும் சென்றன. பயணிகள் தபாற் பைகளின் நடுவே அமர்ந்து சென்றனர்.

நம் இரத்மலானையின் வரலாறும் இதே பஸ் மொத் இனத்தோடு தொடங்குகின்றது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகிய டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த பஸ் மொத் விமானமே அத்தளத்தில் முதன்முதல் இறங்கியது. 1938ஆம் ஆண்டிலே டாட்டாவின் விமானங்கள் திருச்சிராப்பள்ளி வழியாக இரத்மலானைக்குத் தபால் கொணரத் தொடங்கின. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் இருந்த வணிகர், கப்பலுக்கும் புகைவண்டிக்கும் காத்திருந்த கடிதங்களை விரைவிற் பெற்றனர். அவ்வாண்டிலேயே டாட்டா, தம் முப்பத்து நான்காம் வயதில், டாட்டா குழுமம் அனைத்துக்கும் தலைவராயினார்.

போரும் புதிய ஊர்திகளும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல், உற்ற துணைவராகிய வின்ற்செண்ட் விமானப் பயணத்தில் உயிர்நீத்தார். டாட்டாவுக்கு அது ஆற்றொணாத் துயராயிற்று. அவ்வாண்டு ஏப்பிரிலிலேதான் கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கட்டலினா விமானம், இலங்கையை நோக்கி வந்த சப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தது. கட்டலினா நீர்மேல் இறங்கும் வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்பாகம் ஓடத்தின் வடிவினது. இறக்கை தெறிக்கும் நீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். ஓடுதளம் இல்லாத இடத்தில் இவ்வகை பெரிதும் பயன்பட்டது. போர்க்காலத்தில் எங்கும் ஓடுதளங்கள் பெருகவே, இவ்வகை அருகிற்று.

போர் முடிந்தபின் டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. டக்கோட்டா முழுதும் உலோகத்தாலானது. இரண்டு எந்திரம் உடையது. ஒற்றை இறக்கை உடலின் கீழ்ப்புறத்தில் அமைந்தது. எழுந்தபின் சில்லுகளை உள்ளே மடக்கிக்கொள்ளும். அதனால் தடைவிசை குறையும். 1946இல் டாட்டா விமான நிறுவனம் பொதுமக்கள் பங்கு வாங்கத்தக்க கம்பனியாகி, ஏர் இந்தியா எனப் பெயர் பூண்டது. நம் நாட்டிலும் 1947 டிசெம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. சீதாதேவி என்பது அதன் பெயர். சீதை வானூர்தியில் இலங்கை விட்டுச் சென்ற கதையை அறிந்தார்க்கு அப்பெயர் பொருத்தம் நன்கு விளங்கும்.

1948ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்கு டாட்டாவின் சர்வதேசச் சேவை தொடங்கிற்று. மலபார் இளவரசி என்று பெயரிட்ட அவ்விமானம் கொன்ஸ்ரலேசன் வகையது. நான்கு எந்திரமும் மூன்று நிமிர் வாலும் உடையது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிதாகும். தடைவிசை குறைந்து பயணம் எளிதாகும். ஆயின் மாந்தர் அங்கே மூச்சுவிடல் அரிது. எனவே அறையை இறுக மூடி உள்ளே காற்றை அழுத்தி நிரப்பும் முறை இவ்வகையில் அமைந்திருந்தது.

வெற்றிக்குப் பின்னே துயரமும் வந்தது. 1950 நவம்பர் 3ஆம் நாள் மலபார் இளவரசி அல்ப்ஸ் மலைத்தொடரின் மொன் பிளாங் சிகரத்தில் மோதி அழிந்தது. இருந்த 48 பேரும் மாண்டனர். வானத்தில் ஒரு சிறு பிழைக்கும் பொறுப்பிலிருந்து தப்ப வழியில்லை. ஒவ்வொரு பயணத்திலும் இருக்கையின் சாய்வு, தேநீரின் நிறம், அறையின் தூய்மை, புறப்பட்ட நிமிடம் என யாவற்றையும் குறித்துவந்து ஊழியர்க்கு எழுதியனுப்புவது டாட்டாவின் வழக்கம். பெருந்தலைவர் ஒருவர் தேநீரின் நிறத்தையா நோக்குவது எனச் சிலர் நகைத்திருக்கலாம். சிறியதை நோக்காதவன் பெரியதையும் நோக்கான் என்பதை விமானி அறிவான்.

உடைமை போயினும் கடமை போகாமை

1953ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் விமான நிறுவனங்கள் அனைத்தையும் அரசுடைமையாக்கியது. டாட்டா அதனை எதிர்த்தார், எதிர்ப்புப் பயன்படவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகத் தாம் வளர்த்த நிறுவனம் கையை விட்டுச் சென்றது. மனம் நொந்து விலகியிருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர். ஆயின் நேருவின் அரசு வேண்டியபோது, அதே நிறுவனத்தின் தலைமையை ஊதியம் பெறாது ஏற்றார். உடைமை போயிற்று, அதனால் கடமை போகவில்லை எனக் கருதினார் போலும். அவர் தலைமையில் ஏர் இந்தியா உலகத்தின் சிறந்த விமான நிறுவனங்களுள் ஒன்றென மதிக்கப்பட்டது.

1960இல் போயிங் 707 என்னும் ஜெட் விமானம் வந்தது. இதிற் சுழல்விசிறியும் உருளைகளும் இல்லை. எந்திரம் முன்புறத்தாற் காற்றை உள்வாங்கி, நெருக்கி, எரிபொருளோடு எரித்து, வெப்ப வாயுவைப் பின்புறமாகப் பெருவேகத்துடன் வீசும். ஊதிய பலூனை வாய்கட்டாது விட்டால், காற்று ஒருபுறம் செல்லப் பலூன் மறுபுறம் பாய்வதுபோல, வாயு பின்னே செல்ல விமானம் முன்னே செல்கின்றது. வேகம் ஒலியின் வேகத்தை அணுகுமிடத்துத் தடைவிசை திடீரெனப் பெருகும். அதனைத் தணித்தற்கே ஜெட் விமானத்தின் இறக்கைகள் பருந்தின் சிறகுபோற் பின்னோக்கிச் சாய்ந்துள்ளன. 1962ஆம் ஆண்டில் ஏர் இந்தியா ஜெட் விமானங்களை மட்டுமே கொண்டதாயிற்று. 1971இல், 300க்கு மேற்பட்டோரைச் சுமக்கும் போயிங் 747 வந்தது. அசோகச் சக்கரவர்த்தி எனப் பெயர் சூட்டினர். அதன் எந்திரங்களின் முகப்பில் அகன்ற விசிறி உண்டு. உட்புகும் காற்றின் பெரும்பகுதி எரியும் இடத்துட் செல்லாது, விசிறியால் தள்ளப்பட்டுப் புறத்தே பாய்ந்துவிடும். அதனால் எரிபொருள் மிஞ்சும், ஓசையும் குறையும்.

1978 சனவரி முதலாம் நாள் இரவிலே அதே அசோகச் சக்கரவர்த்தி, பம்பாயிலிருந்து எழுந்த சிறிது நேரத்திற் கடலில் வீழ்ந்தது. 213 உயிர்கள் போயின. விமானம் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும் கருவியொன்று பழுதுற்றதும், அதனைத் தலைமை விமானி உணராது விமானத்தைத் தவறாகத் திருப்பியதும் காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். இருளிற் கடலின்மேற் பறப்பவனுக்கு மேலும் கீழும் தோன்றா. அவன் உடலுணர்வு அவனை ஏமாற்றும். ஒரு கருவியை மற்றொரு கருவியோடு ஒப்பிட்டு நோக்கியே அவன் மெய் காணல் வேண்டும். 1932இன் பஸ் மொத்திலும் 1978இன் பெருவிமானத்திலும் உயிர் காப்பது விழிப்பு ஒன்றே.

அடுத்த மாதமாகிய பெப்ரவரியில், மொரார்ஜி தேசாயின் அரசு டாட்டாவைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. இருபத்தைந்து ஆண்டு ஊதியமின்றி உழைத்தவர்க்கு அது பெருந்துயரம். எனினும் அவர் அதனாற் பகைகொண்டு விமானத்தை வெறுத்தாரல்லர். 1980இல் இந்திரா காந்தியின் அரசு மீண்டும் நிருவாக சபையில் உறுப்பினராக அழைத்தபோது சென்று அமர்ந்தார்.

இறுதிப் பறத்தல்

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், முதற் பறத்தலின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பஸ் மொத்தின் பின்வந்த இனமாகிய லெப்பேட் மொத் என்னும் பழைய ஒற்றை எந்திர விமானத்தில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனியராய்ப் பறந்து வந்தார். மணிக்கு நூறு மைல் அளவே செல்லும் அச்சிறு விமானம், ஜெட் விமானங்கள் நிறைந்த காலத்தில் ஜுகு தளத்தில் மெல்ல இறங்கியதைக் காணப் பெருந்திரள் கூடியது. தம் புகழைக் காட்ட அவர் அதனைச் செய்யவில்லை. நாட்டு இளைஞரிடம் ஊக்கம் குன்றிவிட்டதெனக் கவன்று, அதனைத் தூண்டவே செய்தார்.

வானத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. 1945இல் ஹோமி பாபாவின் வேண்டுகோளை ஏற்று, அடிப்படை அறிவியல் ஆராய்ச்சி நிலையம் தோன்ற டாட்டா அறக்கட்டளை வழியாகத் துணைநின்றார். 1992இல் இந்தியா அவருக்குப் பாரத ரத்தினம் என்னும் தலையாய விருதை வழங்கியது. 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் இவ்வுலக வாழ்வை நீத்தார். பிறந்த நகராகிய பாரிசில், பெற்றோர் துயிலும் பேர் லாசேஸ் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் பெற்றது. அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டு கழிந்தபின், 2022 சனவரியில், ஏர் இந்தியா நிறுவனம் டாட்டா குழுமத்திடமே மீண்டது. அதனைக் காண அவர் இருந்திலர்.

இவ்வரலாற்றை அம்மாணவனுக்குச் சில மாலைப்பொழுதுகளிற் கூறினேன். துணியாலான ஈரடுக்கு விமானம் முதல் மக்கள் நிறைந்த பெருவிமானம் வரை, ஒருவர் தம் வாழ்நாளிலேயே ஓட்டியும் நடத்தியும் கண்டமை அவனுக்கு வியப்பாயிற்று. கல் ஏன் வீழ்கின்றது, விமானம் ஏன் வீழவில்லை என்பதையும் அவன் உணர்ந்துகொண்டான். எறிந்தவன் தந்த வேகம் தீர்ந்தபின், கல்லுக்குத் தானே செல்லும் ஆற்றலும் இல்லை. தன்னை நோக்கிக் காப்பார் எவரும் இல்லை. விமானத்துக்கு இரண்டும் உண்டு. டாட்டாவின் வாழ்விலும் இழப்பு என்னும் பாரம் பலமுறை கீழே இழுத்தது. போட்டியில் தோற்றார், துணைவரை இழந்தார், வளர்த்த நிறுவனத்தை இழந்தார், பதவியை இழந்தார். எனினும் நின்றுவிடாது முன்சென்றார். சென்ற இடமெல்லாம் சிறியதையும் விழித்து நோக்கினார். வழியில் தடைப்பட்ட இளைஞனுக்குத் தம்மிடம் இருந்ததை ஈந்தார். நம் பிள்ளைகள் அண்ணாந்து விமானத்தை நோக்கும்போது, அதன் பின்னே இத்தகைய வாழ்வு ஒன்றும் உண்டென அறிந்து நோக்குவாராக.